இரட்டைப் பக்கம்

— மறக்கப் பண்ணுங்கோ டீச்சர். நான் கேக்கிறது அவ்வளவுதான்.

— எதை?

— ஒற்றை இரட்டையை. றஷ்மிக்கு நீங்கள் படிப்பிச்சதை.

— முதல்ல இருங்க அனுஷியா. வேர்த்து ஊத்துது உங்களுக்கு. பாமசியில இருந்து நேராவா வாறீங்க?

— ஓம். அரைநாள் லீவு கேட்டுப்போட்டு வாறன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகமுதல் உங்களோட இதைக் கதைச்சு முடிக்கவேணும். எங்க அவள்?

— பின் அறையில. சோடா மூடி அடுக்கி விளையாடுறா. மத்தப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க.

— வழமையா வாசல்லயே நிப்பாள். இண்டைக்கு என்ர குரல் கேட்டும் ஓடி வரேல்லை.

— விளையாடட்டும்... நீங்க சத்தம் குறைச்சுக் கதைங்க.

— நான் பகிடிக்குக் கேக்கேல்லை டீச்சர்.

— விளங்குது. இந்த நேர்சரி தொடங்கின நாள்ல இருந்து, இதைப் படிப்பிங்க, அதைப் படிப்பிங்க என்டு சண்டைக்கு வந்த அம்மாமாரைக் கண்டிருக்கேன். படிச்சதை மறக்கப் பண்ணுங்க என்டு வந்த முதல் ஆள் நீங்கதான்.

— அஞ்சு வயசு இன்னும் முடியேல்லை. இப்ப என்னத்துக்கு அவளுக்கு ஒற்றை இரட்டை? பள்ளிக்கூடம் போனா அங்க படிப்பிப்பினம்தானே.

— அது பாடமே இல்ல. விளையாட்டு. பத்துப் பிள்ளைகள் நின்டா எல்லாரும் சோடி சோடியா கை கோக்கலாம். பதினொரு பேர் வந்தா ஒராள் மிஞ்சும். மிஞ்சினா ஒற்றை. அவ்வளவுதான்.

— மிஞ்சுறது எப்பவும் றஷ்மிதானாமே.

— அவ வேணுமென்டு கையை விட்டுட்டு வாறது. மிஞ்சின ஆள் என்ட கையைப் பிடிக்கலாம். அதுக்கு ஆசை.

— வீட்டை வந்து சொல்லுறாள், அம்மா, டீச்சரும் ஒற்றைதான், டீச்சருக்குக் கலியாணம் நடக்கேல்லையாம் எண்டு. நான் வாயைப் பொத்தினனான்.

— பொத்தியிருக்க வேணாம். விடை சரி.

— சிரிக்க வைக்காதேங்கோ டீச்சர். நான் சிரிக்கிற நிலையில இல்லை.

— நானும் இல்ல.

— விளையாட்டோட விட்டிருக்கலாம். லேனுக்கு ஏன் கூட்டிக்கொண்டு போனீங்கள்?

— கேற்றுகள்ல நம்பர் வாசிக்க. கடலைப் பார்த்து நின்டா இடக்கைப் பக்கம் முழுக்க ஒற்றை, வலக்கைப் பக்கம் முழுக்க இரட்டை. பிள்ளைகளுக்கு அது பெரிய அதிசயம். வீடுகளும் தங்களைப் போல ரெண்டு வரிசையில நிக்குது என்டு.

— அதிசயம்தான். இப்ப பாண் விக்கிற ஓட்டோவை மறிச்சுச் சொல்லுறாள், அண்ணை, இரட்டைப் பக்கத்தில நிக்காதேங்கோ, ஒற்றைப் பக்கத்துக்கு வாங்கோ எண்டு. காஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கும் அதேதான். பாரத்தோட நிண்டு கேட்டுக்கொண்டிருந்தான் பாவம்.

— கெட்டிக்காரி.

— அதுதான் பிரச்சினை.

— ம்.

— விலாசம் கேட்டா பாட்டு மாதிரிச் சொல்லுவாள் டீச்சர். எவ்வளவு கஷ்டப்பட்டுப் பழக்கினனான் தெரியுமோ? குளிக்கேக்க, தலை இழுக்கேக்க, சோறு தீத்தேக்க... என்ர பேர் றஷ்மி கஜேந்திரன், என்ர வீட்டு நம்பர் இருபத்தெட்டு. நித்திரையில கேட்டாலும் சொல்லுவாள். முந்தநாள் பின்னேரம் கேட்டனான். பாதியில நிப்பாட்டிப்போட்டு என்ர முகத்தைப் பாத்தாள்.

— பார்த்து?

— அம்மா, இருபத்தெட்டு இரட்டை. எங்கட வீடு ஒற்றைப் பக்கம். நீங்கள் பிழையாச் சொல்லித் தந்திட்டீங்கள். அப்பிடிச் சொன்னாள்.

— சரியாத்தான் சொல்லியிருக்கிறா.

— நீங்கள் ஆச்சரியப்படேல்லை.

— எதுக்கு ஆச்சரியப்பட? நீங்க இருக்கிறது முப்பத்தொன்டுல என்டு எனக்குத் தெரியாதா? நீங்க பிந்தி வாற நாளெல்லாம் பிள்ளையை அந்த மாடிப்படியில விட்டுட்டுப் போறது நான்தானே.

— அப்ப... பள்ளிக்கூடத்துக்கு இருபத்தெட்டு எண்டு நாங்கள் குடுத்தது?

— அதுவும் தெரியும். கேட்டா சங்கடப்படுவீங்க என்டு கேக்கல.

— நான் உங்களுக்கு முதலே சொல்லியிருக்கவேணும். சொல்ல வாய் வரேல்லை. நீங்கள் கேக்கமாட்டீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டே காலத்தை விட்டிட்டன்.

— இப்ப சொல்லுங்க.

— பள்ளிக்கூட அனுமதிக்கு வாக்காளர் இடாப்பில பேர் இருக்கவேணும். வீட்டுக்காரர் எங்கட பேரைப் பதிய விடமாட்டார். வாக்காளர் இடாப்பில பேர் வந்தா பிறகு எங்களை எழுப்ப ஏலாது எண்டு அவருக்கு ஆரோ சொல்லியிருக்கினம். கெஞ்சாத நாளில்லை. ஒப்பந்தம் எழுதித் தாங்கோ எண்டா, விருப்பமில்லாட்டி வேற வீடு பாரும் எண்டுவார். கடைசியா எதிர்வீட்டு யேசுரட்ணம் அங்கிள்தான், இருபத்தெட்டில நான் ஒராள்தானே கிடக்கிறன், என்ர வீட்டில பேரைப் போடு பிள்ளை எண்டவர்.

— நீங்க அவருக்கு மத்தியானச் சாப்பாடு குடுக்கிறீங்க.

— அதுக்காக இல்லை. அதுக்கு முதலே குடுக்கிறனான்.

— நான் குறையாச் சொல்லல.

— குரல் அப்பிடித்தான் இருந்தது.

— என்ட குரல் இன்டைக்கு அப்படித்தான். அதை விடுங்க. சொல்லுங்க.

— இந்த லேன் எவ்வளவு அகலம் டீச்சர்? ரெண்டு ஓட்டோ விலத்திப் போகக் கஷ்டம். எங்கட பல்கணியில கதைச்சா அங்கிள் தன்ர வாசல்ல நிண்டு பதில் சொல்லுவார். பள்ளிக்கூட மணி அந்தப் பக்கம் எவ்வளவு கேக்குதோ, இந்தப் பக்கமும் அவ்வளவுதான் கேக்குது. நான் எங்கயோ தெமட்டகொடையில இருந்துகொண்டு வெள்ளவத்தை எண்டு சொல்லேல்லை. பொய்தான். றோட்டுக் கடக்கிற அளவு பொய்.

— என்கிட்ட சொல்லி என்ன. சட்டத்துக்கு ரெண்டு பக்கம் இல்லயே.

— அதுதான் உங்களிட்ட வந்தனான். நாளைக்கு அனுமதிக்காக வீடு பார்க்க வருகினம்.

— நாளைக்கு என்டு யாரு சொன்னது?

— இந்தக் கிழமைக்குள்ள எண்டு இன்ரவியூவில சொன்னவை. இண்டைக்கு வியாழன். மத்தியானமும் போட்டுது. இனி நாளைக்குத்தான். எல்லாம் சரிப்படுத்திப்போட்டன் டீச்சர். அவளின்ர உடுப்பு, பொம்மை, பல்லு மினுக்குற பிறஷ், என்ர சாமிப் படம் எல்லாம் நேற்றே இருபத்தெட்டுக்குக் கொண்டுபோய் வச்சாச்சு. அங்கிள் இண்டைக்குக் கண் கிளினிக்குக்குப் போட்டார். நாளைக்கு முழு நாளும் வீட்டில நிப்பார். விடிய வெள்ளனவே நாங்கள் அங்க போயிருந்திடுவம்.

— அங்கிள் இன்டைக்குக் கிளினிக்.

— ஓம். ஏன்?

— ஒன்டுமில்ல. சொல்லுங்க.

— மிச்சம் அவளின்ர வாய் மட்டும்தான்.

— பிள்ளைகிட்ட கேக்க மாட்டாங்க.

— கேப்பினம். போன வருசம் ஒரு வீட்டில பிள்ளையிட்ட, உங்கட பாத்றூம் எங்க, காட்டுங்கோ பாப்பம் எண்டு கேட்டவையாம். பிள்ளை அலுமாரிக் கதவைத் திறந்துதாம். அதோட அனுமதி போச்சு.

— கதை.

— கதையா இருந்தாலும் எனக்கு நித்திரை வரேல்லை. முதல்ல நான் பெரிசாப் பயப்படேல்லை டீச்சர். இன்ரவியூவில இருந்த நோனா சிங்களம். கல்வி வலயத்தில இருந்து வந்தவ. வீடு பார்க்க வாறதும் அவதானாம். றஷ்மி தமிழில ஒற்றைப் பக்கம் எண்டு சொன்னா மனிசிக்கு என்ன விளங்கப்போகுது எண்டு என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தனான்.

— அனுஷியா... ஒற்றைக்குச் சிங்களத்துல என்ன சொல்றது, தெரியுமா?

— எனக்குத் தெரிஞ்சது பாண்காரனோட கதைக்கிற சிங்களம்தான்.

— ஒத்தே.

— என்ன?

— ஒத்தே. இரட்டைக்கு, இரட்டே.

— பகிடி விடாதேங்கோ.

— நான் கொட்டாஞ்சேனையில பிறந்து வளர்ந்த ஆள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோட மூடி விளையாடியிருக்கேன். கைக்குள்ள மூடியைப் பொத்திக்கொண்டு, ஒத்தேத, இரட்டேத என்டு கேப்பாங்க. நாங்களும் அதையேதான் கேப்போம். பாஷை மாறின மாதிரியே இருக்காது.

— ஐயோ...

— தண்ணி தரவா?

— வேண்டாம். சோறு வேற, தண்ணி வேற, பஸ்ஸில இறங்குறதுக்குச் சொல்லுற சொல் வேற. ஒண்டும் ஒத்துவராத பாஷையில இந்த ரெண்டு சொல்லுமோ ஒண்டா இருக்கவேணும்?

— அம்மா என்டதும் ஒன்டுதான். கொஞ்சம் பொறுங்க. றெயின் போகட்டும். இந்தச் சத்தத்துல என்னால கதைக்க ஏலாது.

— போட்டுது. சொல்லுங்கோ.

— இப்ப நான் ஒன்டு கேக்கிறேன். முந்தநாள் அவ அப்படிச் சொன்னா. அதுக்குப் பிறகு நீங்க பிள்ளைக்கு என்ன சொன்னீங்க?

— என்ன சொல்லுறது? அம்மா சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ எண்டனான்.

— அவ்வளவுதானா?

— சொக்லேற் வாங்கித் தாறன் எண்டனான்.

— சொக்லேற்றுக்கு மடங்கிற ஆள் இல்ல அவ. ரெண்டு வருஷமா என்னோட இருக்கிறா, எனக்குத் தெரியும்.

— பிறகும் சொன்னனான். அந்த வீடும் எங்கடதான், அங்கிள் எங்களுக்குத் தந்தவர் எண்டு. அப்ப எங்களுக்கு ரெண்டு வீடோ எண்டு கேட்டாள். ஓம் எண்டன். அப்ப ஏன் அங்க படுக்கிறேல்லை எண்டு கேட்டாள். என்னத்தைச் சொல்ல?

— என்ன சொன்னீங்க?

— திருப்பித் திருப்பி ஏன் டீச்சர் இதையே கேக்கிறீங்கள்?

— தெரிஞ்சுகொள்ளத்தான்.

— பொலிஸ் மாதிரிக் கேக்கிறீங்கள்.

— ... பொலிஸ் உங்களைக் கேட்டிருக்கா?

— கேக்காத ஆக்கள் எங்கட பக்கத்தில ஆர் இருக்கினம். சண்டைக் காலம். அப்ப நான் றஷ்மியை விடக் கொஞ்சம் பெரிசு. இந்த வெள்ளவத்தையிலதான், காலி வீதிப் பக்கமா ஒரு லொட்ஜ். அம்மாவும் நானும் ஒரு கட்டில்ல. அப்பா கனடா போட்டார், எங்களையும் கூப்பிடுவார் எண்டு காத்திருந்த காலம். விடியப்புறம் பொலிஸ் வந்து கதவைத் தட்டும். என்னத்துக்குக் கொழும்புக்கு வந்தனீங்கள் எண்டு கேக்கும். மருந்து எடுக்க வந்தனாங்கள் எண்டு சொல்லவேணும். அம்மாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான்தான் சொல்லவேணும், ஏனெண்டா சின்னப்பிள்ளை சொன்னா நம்புவினமாம்.

— நீங்க சொன்னீங்க.

— பிழைவிடாமல் சொன்னனான். அம்மாவுக்கு நெஞ்சுவருத்தம், அம்மாவுக்கு நெஞ்சுவருத்தம்... பிறகு எனக்கே அது நம்பிக்கையாப் போட்டுது. அம்மா நித்திரையா இருக்கேக்க மூச்சு வருதோ எண்டு மூக்கில விரல் வச்சுப் பாப்பன். பொய் எண்டு தெரியும் டீச்சர். தெரிஞ்சுகொண்டும் பாப்பன்.

— அம்மா எப்படிப் பழக்கினாங்க உங்களை?

— எப்பிடிப் பழக்குறது... மாறிச் சொன்னா அம்மாவைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவினம் எண்டு சொன்னவ. அது அப்ப பொய்யும் இல்லை. பக்கத்து அறைக்காரியைக் கொண்டுபோனதை நான் கண்டனான்.

— ம்.

— அந்த லொட்ஜின்ர படியில நிண்டா இந்தப் பள்ளிக்கூடம் விடுறது தெரியும். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளையள் ஐஸ்பழம் சூப்பிக்கொண்டு போவினம். நான் ஒரு பள்ளிக்கூடமும் போகேல்லை அந்த நேரம். சேர்க்கப் போனா விலாசம் கேட்டவை. லொட்ஜின்ர விலாசம் விலாசம் இல்லையாம்.

— இதை நீங்க ஒருநாளும் சொன்னதில்ல.

— சொல்லி என்ன? கஜேந்திரனுக்கே தெரியாது. டோஹாவில இருந்து கோல் எடுத்தா, பள்ளிக்கூடம் சரிவந்துதோ எண்டுதான் முதல் கேப்பார். ஏன் அந்தப் பள்ளிக்கூடம்தான் வேணும் எண்டு நிக்கிறாய், வான் பிடிச்சு வேற எங்கயும் விடலாமே எண்டும் கேப்பார். நடந்து போற தூரம் எண்டு சொல்லுவன். அதுவும் உண்மைதான்.

— அனுஷியா, உங்கட அம்மா சொன்ன அந்த வசனம். அதை நீங்க றஷ்மிக்குச் சொன்னீங்களா?

— எந்த வசனம்?

— உங்களுக்குத் தெரியும்.

— சீச்சீ. நான் என்னத்துக்கு... இது என்ன அந்தக் காலமோ? பள்ளிக்கூட அனுமதிக்கு ஆரும் பிடிச்சுக்கொண்டு போவினமோ? நான் படிச்சனான் டீச்சர். நேர்சரிப் பிள்ளைக்கு அப்பிடியெல்லாம் சொல்லுவனோ?

— சரி.

— என்னை நம்பேல்லை நீங்கள்.

— நம்பப் பார்க்கிறேன்.

— அப்ப எனக்கு உதவி செய்யுங்கோ. நாளைக்கு ஒரு நாள் மட்டும். இருபத்தெட்டு ஒற்றை எண்டு சொல்லிக் குடுங்கோ. இல்லாட்டி, டீச்சர் பக்கத்தை மாத்திச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ. நான் சொன்னா கேக்கமாட்டாள், உங்கட சொல்லுத்தான் அவளுக்கு வேதம். திங்கட்கிழமை திரும்பச் சரியாப் படிப்பியுங்கோ. நான் கையெடுத்துக் கும்பிடுறன்.

— கையை இறக்குங்க.

— ஏலாது எண்டு சொல்லுறீங்களோ?

— தேவையில்ல என்டு சொல்றேன்.

— விளங்கேல்லை.

— நோனா இன்டைக்குக் காலையில வந்தாங்க.

— இண்டைக்கோ?

— முதல்ல இருங்க. கதிரையைப் பிடிச்சுக்கொண்டு இருங்க.

— எங்க வந்தவ?

— இருபத்தெட்டுக்கு. கேற் பூட்டியிருந்துச்சு. அந்த நேரம் நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லேன்ல வாறேன், நம்பர் வாசிச்சுக்கொண்டு. அவங்க பூட்டைத் தட்டிக்கொண்டு நிக்கிறாங்க.

— ஏன் எனக்குக் கோல் எடுக்கேல்லை? காலையில நடந்ததை இப்ப சொல்லுறீங்கள். நான் இவ்வளவு நேரமா... விசரி மாதிரி...

— எடுக்கத்தான் பார்த்தேன். எடுத்து என்ன சொல்றது என்டு தெரியல. பிறகு நீங்க வந்ததும் சொல்ல நினைச்சேன். நீங்க மறக்கப் பண்ணுங்க என்டு தொடங்கினீங்க. அதுக்குப் பிறகு எப்படிச் சொல்ல.

— பிள்ளை என்ன சொன்னவள்?

— வரிசையாச் சொல்றேன். அவசரப்படுத்தாதீங்க.

— டீச்சர், பிள்ளை என்ன சொன்னவள்?

— பேப்பரைப் பார்த்து, இதுல றஷ்மி கஜேந்திரன் யாரு என்டு என்கிட்ட கேட்டாங்க. நான் வாய் திறக்க முதல் அவ கையைத் தூக்கிட்டா. நோனா றோட்டுல குந்தியிருந்து அவட கன்னத்தைத் தொட்டு, மகள்ட வீடு எங்க என்டு சிங்களத்துல கேட்டாங்க. நல்ல மனிசி. அதனாலதான் எனக்கு இன்னும் பயம் வந்துச்சு. நான் தமிழ்ல கேட்டேன். அவ என்னைப் பார்த்தா.

— நீங்கள் என்ன செய்தனீங்கள்?

— நான் கீழ பார்த்தேன்.

— பிறகு?

— என்ட பேர் றஷ்மி கஜேந்திரன், வீட்டு நம்பர் இருபத்தெட்டு என்டு சொன்னா. பாட்டு மாதிரி இல்ல. ஒவ்வொரு சொல்லா. அதை நான் சிங்களத்துல சொன்னேன். விளங்குதா? பிள்ளை ஒரு பொய் சொல்லிச்சு. அதை நான் இன்னொரு பாஷையில திருப்பிச் சொன்னேன்.

— ...கடவுளே.

— முடியல. பிள்ளைகள் நம்பர் வாசிச்சது நோனா காதுல விழுந்திருக்கு. சிரிச்சுக்கொண்டு கேட்டாங்க, இருபத்தெட்டு ஒத்தேத, இரட்டேத என்டு. அதுக்கு என்ட உதவி தேவைப்படல. நேராவே சொன்னா, இரட்டை.

— சரிதானே. சரியாத்தானே சொல்லியிருக்கிறாள்.

— பிறகு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினாங்க. உங்கட பல்கணியில மஞ்சள் சட்டை ஒன்டு காயுது. எங்கட நேர்சரிச் சட்டை.

— ஐயோ, அது... துவைச்சுப் போட்டது. எல்லாம் கொண்டுபோனனான், அதை மறந்திட்டன். எல்லாம் கொண்டுபோனனான் டீச்சர்.

— அந்த வீட்டுல யாரு இருக்கிறாங்க என்டு கேட்டாங்க. நான் அதைப் பிள்ளைகிட்ட தமிழ்ல கேட்டேன். வேற என்ன செய்ய.

— என்ன சொன்னவள்?

— அங்க ஒருத்தரும் இல்லை என்டா. சொந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னா அனுஷியா. அங்க ஒருத்தரும் இல்லை.

— நோனா?

— சட்டையைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. வேற ஒரு பிள்ளைட சட்டை, அவங்க ஊருக்குப் போயிட்டாங்க என்டு நானே சொன்னேன். யாரும் கேக்காமலே சொன்னேன். எங்க இருந்து வந்துச்சு என்டு தெரியல. அந்த முப்பத்தொன்டைக் காட்டி, அது ஒத்தேத இரட்டேத என்டு நோனா சும்மா செல்லத்துக்குக் கேட்டாங்க. அவ கன நேரம் யோசிச்சா. இரட்டை என்டா. நோனா சிரிச்சுட்டாங்க. இன்னும் சின்னப் பிள்ளைதானே மிஸ் என்டு என்கிட்ட சொல்லிட்டு, பேப்பர்ல சரி போட்டுட்டுப் போனாங்க.

— சரி போட்டவவோ?

— என்ட கண்ணால பார்த்தேன்.

— உண்மையாவோ டீச்சர்?

— உண்மையா.

— அப்ப... கிடைச்சிட்டுது. டீச்சர், அப்ப கிடைச்சிட்டுதுதானே. என்ர பிள்ளை... என்ர கெட்டிக்காரி. நீங்களும்... நான் உங்களுக்கு என்ன செய்யிறது. உங்கட கையைத் தாங்கோ.

— வேணாம்.

— ஏன் முகத்தை அப்பிடி வச்சிருக்கிறீங்கள்? நடந்தது நல்லதுதானே. ஒருத்தருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

— கூப்பிட்டுப் பாருங்க.

— ஆரை?

— உங்கட மகளை. நீங்க கேட்டீங்கதானே, மறக்கப் பண்ணச் சொல்லி. கூப்பிட்டுக் கேளுங்க.

— றஷ்மி... குஞ்சு, அம்மா வந்திருக்கிறன். இஞ்ச வாங்கோ.

— நான் விளையாடுறன் அம்மா.

— மூடியையும் எடுத்துக்கொண்டு வாங்கோ. ஓடி வாங்கோ. இண்டைக்கு நல்ல பிள்ளையாம், டீச்சர் சொன்னவ. இதில எத்தினை மூடி வச்சிருக்கிறீங்கள்?

— ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு.

— ஆ, அஞ்சு. அஞ்சு ஒற்றையோ, இரட்டையோ?

— இரட்டை.

— வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.

— இரட்டை.

— அப்ப ஏழு?

— இரட்டை.

— மூண்டு?

— எல்லாம் இரட்டைதான் அம்மா.

— நோனா போனதுல இருந்து இப்படித்தான், அனுஷியா. கை கோத்து விளையாட விட்டேன். மிஞ்சி நின்ட பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் வேற ஒரு சோடிக்கு நடுவில நிப்பாட்டிட்டா. என்ட கையைப் பிடிக்க வரல. ஒருத்தரும் மிஞ்சல டீச்சர், பாருங்க என்டு சொல்றா.

— கொஞ்சம் பொறுங்கோ டீச்சர். களைச்சுப்போட்டாள். நான் சொல்லிக் குடுக்கிறன். றஷ்மி, இஞ்ச பாருங்கோ. இது ஒரு மூடி. இதுக்குச் சோடி இது. ரெண்டு பேரும் கை கோத்தாச்சு. இது இன்னொராள். அவருக்குச் சோடி இவர். பிறகு பாருங்கோ, மிச்சம்... எங்க மற்ற மூடி?

— நாலுதான் அம்மா.

— இப்பதானே அஞ்சு எண்டு எண்ணினனீங்கள்?

— நாலுதான். இரட்டை.

— கையில என்ன வச்சிருக்கிறீங்கள்?

— ஒண்டுமில்லை.

— பொத்தாதேங்கோ குஞ்சு, தகரம் கையை வெட்டும். அம்மா பேசமாட்டன். மிஞ்சலாம். மிஞ்சினாப் பிழையில்லை. டீச்சர் சொல்லித் தந்ததுதான் சரி. விரியுங்கோ பாப்பம். அம்மாவுக்கு மட்டும் காட்டுங்கோ.

— மாட்டன். ஒற்றை எண்டு தெரிஞ்சா அம்மாவைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவினம் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்.